அடுத்த அலமாரி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கும்பகோணத்தில் நடந்த ஓர் உரையாடலிலிருந்து தொடங்குகிறேன். உ.வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று இவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். எந்தப் பெயரைக் கேட்டும் முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயர் சொல்கிறார். அத்தனை பாடம் கேட்டிருந்த அந்த இளைஞர் அந்த நூல்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இதைப் பதிப்பு வரலாற்றின் தொடக்கமாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். நான் இதை ஒரு வாசகருடைய ரசனை திசைமாறிய நாளாகப் பார்க்கிறேன். முதலியார் கேள்வி கேட்டதோடு நின்றிருந்தால் அது ஓர் அவமானமாக மட்டும் மிஞ்சியிருக்கும். அவர் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். அதைப் பிரித்தபோது பழகிய தமிழே அந்நியமாகத் தெரிந்தது. அப்போது துணைக்கு வந்தவர்கள் கும்பகோணத்துச் சமணக் குடும்பங்கள். சிந்தாமணி அவர்கள் வீடுகளில் வழிவழியாகப் படிக்கப்பட்டு வந்த நூல். புலவர்கள் மறந்துவிட்ட காவியத்தைக் குடும்பங்கள் மறக்கவில்லை. அந்த வீட்டுத் திண்ணைகளில் ஐயங்கள் தீர்ந்து, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1887இல், சாமிநாதையரின் பதிப்பாகப் புத்தகம் வெளிவந்தது.

ரசனை என்பதை நாம் ஒவ்வொருவரும் நமக்குள்ளேயே விளைந்த சொந்தச் சொத்து என்று நினைக்கிறோம். என் வாழ்நாள் அனுபவம் வேறு. ரசனை தானாக மாறுவதில்லை. கை நீட்டினால் எட்டும் இடத்தில் வேறொரு வகைப் புத்தகம் இருக்கவேண்டும். அதைக் கொண்டுவந்து அங்கே வைத்த மனிதர் ஒருவர் இருக்கவேண்டும். அந்த மனிதர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். என் வாசிப்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர்களைப் பற்றிச் சொல்வதற்காகவே.

காவிரிப் படுகையில் கிளை நூலகங்களில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தலைமுறைக்கு முதல் வாசல் அம்புலிமாமா. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினார்கள். ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன் ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக நடந்துகொண்டே இருப்பான். ஒவ்வொரு வேதாளக் கதையும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் மன்னன் தலை வெடித்துவிடும். வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் மன்னனுடைய பதில் அச்சாகியிருக்கும் பகுதியைக் கையால் மூடிக்கொண்டு, எது நியாயம் என்று சண்டை போடுவோம். கதை கேட்டவன் தீர்ப்பும் சொல்லவேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் எனக்கு வந்தது. எந்த விமர்சன நூலும் அதற்குப் பிறகு எனக்கு அதைப் புதிதாகச் சொல்லித்தரவில்லை.

அடுத்து வந்தது பைண்டு புத்தகம். கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய பொன்னியின் செல்வனை இதழிலிருந்து பிரித்தெடுத்து, தைத்து, அட்டை போட்டு வைத்திருந்த வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. மணியம் வரைந்த படங்கள் அப்படியே இருக்கும். பக்கத்து நெடுவரிசையில் சோப்பு விளம்பரமும் தைல விளம்பரமும் இருக்கும். ஏதாவது ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போயிருக்கும். அந்த அத்தியாயத்தை அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். அதனால் அந்த நாவலின் சில பகுதிகள் எனக்கு இன்றும் அத்தையின் குரலில்தான் இருக்கின்றன. ஆடிப்பெருக்கு நாளில் வீராணத்து ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். பழையாறை, குடந்தை, கோடிக்கரை என்று நாங்கள் நடந்தும் பஸ்ஸிலும் போய்வந்த ஊர்களின் பெயர்கள் புத்தகத்தில் வருகின்றன. நம் ஊருக்கும் அச்சேறும் தகுதி உண்டு என்ற எண்ணம் ஒரு சிறுவனுக்குச் சாதாரண விஷயம் இல்லை. பொன்னியின் செல்வனைப் பிற்காலத்தில் எத்தனை விதமாக விமர்சித்தாலும் இந்த ஒரு கொடைக்காக நான் கல்கிக்குக் கடன்பட்டவன்.

சாண்டில்யன், தமிழ்வாணனின் சங்கர்லால், நா. பார்த்தசாரதி ஆகியோரை அந்த வயதுக்குரிய வேகத்தில் கடந்தேன். குறிஞ்சி மலரைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்த பெற்றோரை நான் அறிவேன்.

ஜெயகாந்தன் வந்தபோதுதான் வீட்டுக்குள் வாக்குவாதம் வந்தது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த அக்கினிப் பிரவேசம் எங்கள் தெருவில் பெண்கள் கூடிப் பேசிய கதை. கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய மகளின் தலையில் ஒரு தாய் தண்ணீரை ஊற்றி, இனி நீ தூய்மையானவள் என்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து, அதையே ஜெயகாந்தன் சில நேரங்களில் சில மனிதர்கள் என்ற நாவலாக எழுதினார். தம் கதையையே எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி பார்த்த எழுத்தாளர். ஒரு கதைக்கு ஒரே முடிவுதான் என்ற என் எண்ணம் அந்த நாவலோடு போய்விட்டது.

இனி, பெயர் சொல்லாமல் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நூலகராக இருந்தவர். நான் வழக்கம்போல் ஒரு சாண்டில்யனை நீட்டினேன். அவர் அதைப் பதிவேட்டில் எழுதினார், தேதி முத்திரை குத்தினார், பிறகு நான் கேட்காத இன்னொரு புத்தகத்தையும் அதன்மேல் வைத்துத் தந்தார். புதுமைப்பித்தன் கதைகள். “இதைப் படி” என்றும் சொல்லவில்லை, “அதைப் படிக்காதே” என்றும் சொல்லவில்லை. சாண்டில்யனை இரண்டு நாளில் முடித்தேன். மற்றதைத் திறந்தால் செல்லம்மாள். கதையின் தொடக்கத்திலேயே அவள் இறந்துவிடுகிறாள். ஜவுளிக்கடைச் சம்பளக்காரர் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி, சென்னைப் பட்டணத்தின் ஓரத்தில் ஒரு வீடு. முடிவு முன்பே தெரிந்த கதையை எதற்காகப் பதைபதைத்துப் படிக்கிறேன் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதற்காக அதுவரை படித்துவந்தவன், நடந்துகொண்டிருப்பது என்ன என்பதற்காகப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த நூலகர் செய்ததைத்தான் என் பணிக்காலம் முழுவதும் நானும் செய்ய முயன்றேன். கேட்டதைக் கொடுப்பது, கூட ஒன்றை வைப்பது. கேட்டதைக் கொடுக்காமல் நல்லதை மட்டும் திணிக்கிற நூலகத்துக்கு வாசகர் இரண்டாம் முறை வரமாட்டார். கேட்டதை மட்டுமே கொடுக்கிற நூலகத்தில் அவர் நுழைந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

பழைய ரசனையை உதறுவது இருபது வயதில் மிக வேகமாக நடக்கும். நேற்றுவரை தலையணைக்கடியில் வைத்திருந்த தொடர்கதையை இன்று தொடமாட்டோம் என்போம். அந்த உதறல் தேவை என்றே நான் கருதுகிறேன். க.நா. சுப்ரமண்யம் எது இலக்கியம், எது பொழுதுபோக்கு என்று கறாராகப் பட்டியல் போட்டதால்தான் எங்களில் பலர் தேடிப் படித்தோம். சி.சு. செல்லப்பா 1959இல் எழுத்து பத்திரிகையைத் தொடங்கினார்; வெளியிட்ட நூல்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ஒரு விமர்சகர் தாம் நம்பும் புத்தகங்களைத் தம் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார் என்றால் அந்தப் பட்டியலுக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. இளைஞர்களின் நிராகரிப்பைப் பெரியவர்கள் கண்டிக்கவேண்டாம். பிடிக்காது என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் பிடிக்கும் என்பதற்குப் பொருள் வருகிறது.

அயல்மொழி எழுத்து எனக்கு வந்துசேர்ந்த வழி மலிவானது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகாவும் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஊர் ஊராகக் கொண்டுவந்து விற்ற புத்தகங்கள். கெட்டி அட்டை, நல்ல தாள், மாணவன் கொடுக்கக்கூடிய விலை. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் மாஸ்கோவில் தங்கி மொழிபெயர்த்தார்கள். சிங்கிஸ் ஐத்மாத்தவின் முதல் ஆசிரியரில், தாமே அரைகுறையாகப் படித்த ஓர் இளைஞர் கிர்கீசியக் கிராமத்துக் குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறார். கீற்றுக் கொட்டகையில் படித்த எங்களுக்கு அந்த லாயம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதை இன்று விளக்குவது கடினம். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபோது அந்தப் புத்தக வரத்தும் நின்றது. அரசியல் சரியா தவறா என்ற விவாதம் நடக்கட்டும். ஒரு தலைமுறைத் தமிழ் வாசகனின் அலமாரியில் ஒரு தட்டு காலியானது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் வெளியிட்ட இந்திய மொழி நாவல்கள் எங்கள் நூலகங்களில் இருந்தன, ஆனால் பெரும்பாலும் தேதிச் சீட்டு வெறுமையாக இருக்கும். சு. கிருஷ்ணமூர்த்தி வங்காளத்திலிருந்து கொண்டுவந்த நீலகண்டப் பறவையைத் தேடி, த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்த ஆரோக்கிய நிகேதனம், சௌரி மொழிபெயர்த்த அக்னி நதி இவை மூன்றும் எனக்கு மிகப் பெரிய நாவல்கள். நாடி பிடித்து மரணத்தின் வருகையைச் சொல்லிவிடுகிற வங்கக் கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாயை நான் நேரில் பழகிய மனிதராகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் புத்தகங்களைப் பின்வரிசைத் தட்டிலிருந்து எடுத்துச் செய்தித்தாள் மேசைக்கு அருகில் வைத்தோம். தேதிச் சீட்டு நிரம்பத் தொடங்கியது. புத்தகம் மாறவில்லை, ஊர் மாறவில்லை. வைத்த இடம் மாறியது.

சங்க இலக்கியம் எனக்குப் பள்ளியில் மனப்பாடச் செய்யுள். அது படிக்கக்கூடிய கவிதையானது மர்ரே ராஜத்தால். சென்னை மர்ரே கம்பெனியின் எஸ். ராஜம் 1950களில் பழந்தமிழ் நூல்களை அறிஞர்களின் துணையோடு சந்தி பிரித்து, சொற்கள் தனித்தனியாகக் கண்ணில் படும்படி, ஒரு ரூபாய் விலைக்கு வெளியிட்டார். பிற்காலத்தில் அவற்றை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மறுபதிப்புச் செய்தது. எனக்குக் கிடைத்தது அந்த மறுபதிப்புப் புறநானூறு. உரையின் துணை இல்லாமல் ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நானாகவே படித்துப் புரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயதை நெருங்கியிருந்தது. சொற்களுக்கிடையே இடம் விடுவது எவ்வளவு பெரிய தமிழ்த்தொண்டு என்பதை அன்று உணர்ந்தேன். புலமை உள்ளவர்களுக்கு அந்த இடைவெளி தேவையில்லை. தேவைப்படுகிறவர்களை நினைத்துப் பார்த்த பதிப்பாளர் அவர்.

இந்த மண்ணில் நின்றுகொண்டு சீ.இரா. அரங்கநாதனைச் சொல்லாமல் போகமுடியாது. சீர்காழியில் 1892இல் பிறந்த கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, தொடக்கத்தில் அந்த வேலையில் மனம் ஒட்டாமல் கணிதத்துக்கே திரும்ப நினைத்தவர். லண்டனுக்குப் போய் அங்குள்ள நூலகங்கள் எளிய மக்களுக்குப் பயன்படுவதைப் பார்த்த பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது அவற்றின் நடுப்பகுதி. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்தில், மேலவாசல் கனகசபைப் பிள்ளையின் முயற்சியோடு, மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் கிளம்பியது. விதியை எழுதிய ஆண்டும் வண்டி ஓடிய ஆண்டும் ஒன்றாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்துவரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக இன்றும் நாம் செலுத்துகிறோம். வரி கட்டுகிற ஒவ்வொருவரும், ஒரு நாள்கூட நூலகப் படி மிதிக்காதவரும், அங்குள்ள புத்தகங்களுக்கு உரிமையாளர்.

ஒரு வாசகரைப் பற்றிச் சொல்கிறேன். பஸ் கண்டக்டர். ராஜேஷ்குமார் நாவல்களை மட்டுமே எடுப்பார்; நூலகத்தில் இருந்த அத்தனையையும் முடித்துவிட்டார். கேட்டதோடு ஒன்றாகப் ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியைச் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடான், பினாங்கு. வட்டிக்கடைப் பையன்கள், கப்பல்கள், துப்பாக்கிகள். வேகமான கதையில் பழகியவருக்கு அந்த உலகம் ஒத்துவரும் என்று நினைத்தேன். தவணை தாண்டியும் புத்தகம் வரவில்லை. வந்தபோது அவர் சொன்னது: “எங்க அப்பா பினாங்குல இருந்தாரு சார். திரும்பி வந்தப்புறம் அங்க நடந்ததப் பத்தி வாயே தொறக்கல. இதப் படிச்ச பிறகுதான் ஏன்னு தெரியுது.” சிங்காரமும் இளவயதில் மெடானுக்குப் போனவர், திரும்பிவந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். அந்த நாவல் அவர் எழுதிய பின் பல ஆண்டுகள் காத்திருந்து 1972இல்தான் அச்சேறியது. அந்தக் கண்டக்டர் அதன் பிறகும் ராஜேஷ்குமாரை விடவில்லை. கி. ராஜநாராயணனையும் பூமணியையும் சேர்த்துக்கொண்டார். ரசனை என்பது ஒன்றை இறக்கிவிட்டு மற்றொன்றை ஏற்றிக்கொள்ளும் வண்டி என்று எண்ணியவர்களுக்கு அவருடைய உறுப்பினர் அட்டையைக் காட்டியிருப்பேன்.

இதுவரை சொன்னது புதிய புத்தகம் வந்து வாசகரை மாற்றும் விதம். இன்னொன்றும் உண்டு: புத்தகம் அப்படியே இருக்க, வாழ்க்கை வந்து வாசகரை மாற்றிவிடுவது. தி. ஜானகிராமனின் மோகமுள்ளை நான் மூன்று பருவங்களில் படித்திருக்கிறேன். இளமையில் படித்தபோது நானே கதாநாயகன் பாபு. அவன் காதலிக்கும் யமுனா ஒரு தரிசனம், அவ்வளவுதான். அவள் என்ன சாப்பிட்டாள் என்று நான் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கம்மா, கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட அந்தச் சிறு பெண், உயிரை மாய்த்துக்கொள்ளும் பகுதியை வேகமாகக் கடந்து யமுனாவிடம் ஓடினேன்.

பெண் குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகு படித்தபோது நாவலே வேறாக இருந்தது. யமுனாவின் வீட்டில் வருமானம் நின்று, பாத்திரம் பண்டம் போய், இரண்டு பெண்கள் மெல்ல மெல்ல வறுமைக்குள் இறங்குவதை ஜானகிராமன் எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்! தங்கம்மாவின் பகுதியில் என்னால் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. இந்த நாவலின் மையத்தில் காதல் இருக்கிறதென்றால், அதன் ஓரத்தில் அந்தப் பெண்ணின் மரணம் இருக்கிறது. பாபுவின் காதலை அதைத் தவிர்த்துவிட்டுப் படிப்பது நியாயமில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற பின் படித்தபோது பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாதான் எனக்கு நாவல். மேடையையும் கைதட்டலையும் பொருட்படுத்தாமல் சுருதியோடு வாழ்ந்து முடித்த கிழவர். கற்றுக்கொடுக்க ஒரு மாணவன் கிடைத்ததில் அவருக்கு வரும் நிறைவும், தமக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கவலையும் என் வயதில்தான் காதில் விழுகின்றன. இந்த மூன்று வாசிப்புகளில் கடைசியே சிறந்தது என்று சொல்ல எனக்கு மனமில்லை. இருபது வயதில் யமுனாவைப் பார்த்த கண்கள் இன்று எனக்கு இல்லை. அந்த வாசிப்பை இளைஞர்கள்தான் எனக்குத் திருப்பிச் சொல்லவேண்டும்.

இப்போது நாவல் படிப்பது குறைந்திருக்கிறது. மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள், தன்வரலாறுகள், கடிதத் தொகுப்புகள் என்று போய்விட்டேன். கி.ரா. தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியைத் தினம் இரண்டு பக்கம் படிக்கிறேன். ஒரு கரிசல் கிராமமே அதில் குடியிருக்கிறது. கண் அறுவைக்குப் பிறகு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக் கைப்பேசி உதவுகிறது. 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் வளர்த்துவரும் மதுரைத் திட்டத்தில் பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர்களும் முதலியாரின் வரிசையில் வருகிறவர்களே. கைப்பேசியில் படித்தால் படிப்பாகுமா என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் ஒன்று கவலை தருகிறது. முன்பு எடுத்ததைப் பார்த்து அதைப் போன்றதையே அடுத்ததும் நீட்டுகிற ஏற்பாடு அங்கே இருக்கிறது. சாண்டில்யன் கேட்டவனுக்கு அது மேலும் மேலும் சாண்டில்யனையே தரும். புதுமைப்பித்தனை மேலே வைத்துத் தருகிற மனிதர் இல்லாத நூலகம் அது.

ஆகவே இளைஞர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்களில் பலர் ஆசிரியர்களாவீர்கள், சிலர் நூலகர்களாவீர்கள், எல்லோரும் ஏதாவது ஒரு வீட்டில் அண்ணனோ அக்காவோ அத்தையோ ஆவீர்கள். தம்பி தங்கைகள் கேட்கிற புத்தகத்தை முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுங்கள். கூட ஒன்றை வையுங்கள். படித்தாயா என்று மறுநாளே கேட்காதீர்கள்.

இந்தச் சொற்பொழிவுக்கு நீங்கள் தரும் மதிப்பூதியத்தை உங்கள் விடுதி வாசகசாலைக்கே கொடுத்துவிடும்படி செயலரிடம் சொல்லியிருக்கிறேன். நான் குறிப்பிட்ட மூன்று மொழிபெயர்ப்பு நாவல்களையும் முதலில் வாங்குங்கள். புதிதாகக் கிடைக்காதவற்றைப் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்க வேண்டாம், செய்தித்தாள் போடும் மேசையிலேயே கிடக்கட்டும். மிச்சப் பணத்துக்கான பட்டியலை விடுதி மாணவர்கள் எழுதட்டும். அதில் என்ன இருந்தாலும் ஆசிரியர்கள் எதையும் நீக்காமல் அப்படியே வாங்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் மகிழ்வேன். அதில் நான் படிக்காதவை நிறைய இருக்கும்.